ஈட்டியும் தொப்பியும்: பிரெஞ்சுப் புரட்சியின் அச்சுப்படங்களில் ஒரு நாட்டின் உருவம்

1792 செப்டம்பர் 21ஆம் நாள் பாரிசில் கூடிய தேசிய கன்வென்ஷன் என்ற பிரதிநிதிகள் சபை, பிரான்சில் முடியாட்சியை ஒழித்தது. உடனே ஒரு கேள்வி எழுந்தது. அரசாணைகளின் அடியில் இனி எந்த முத்திரையைப் பதிப்பது? அதுவரை அங்கே இருந்தது மன்னரின் உருவம். மன்னரோ சிறையில் இருந்தார். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 25 அன்று, கன்வென்ஷன் விடை சொன்னது. பழங்கால உடையில் நிற்கும் ஒரு பெண். ஒரு கையில் ஈட்டி, ஈட்டியின் முனையில் ஒரு தொப்பி. மறு கை கழிக்கட்டு ஒன்றின்மேல் ஊன்றியிருக்கும். காலடியில் ஒரு கப்பல் சுக்கான். சுற்றிலும் 'பிரெஞ்சுக் குடியரசின் பெயரால்' என்ற எழுத்து.

உலகெங்கும் போய்ச் சேரப்போகும் இந்தச் சின்னம், எல்லா மக்களுக்கும் சுதந்திரத்தின் முகத்தையும் குடியரசின் பெருமிதத்தையும் காட்ட வேண்டும் என்று வாதிட்டார் ஆபே கிரெகுவார். கத்தோலிக்கப் பாதிரியார், யூதர்களின் உரிமைக்காகவும் அடிமை ஒழிப்புக்காகவும் பேசியவர். சுதந்திரத்தின் முகம் என்று அவர் கருதினார். ஆனால் அந்த முத்திரையிலும், அதைத் தொடர்ந்து பாரிஸ் படக்கடைகளில் குவிந்த அச்சுப்படங்களிலும், அந்தப் பெண்ணுக்கு முகம் என்று தனியாக ஒன்று கிடையாது. நேரான மூக்கு, சிறிய வாய், உணர்ச்சி காட்டாத கண்கள்: கிரேக்கச் சிலைகளிலிருந்து வந்த பொதுமுகம். அவள் யார் என்பதைச் சொன்னவை அவள் கைகள்.

கோயிலுக்குப் போய்ப் பழகிய தமிழ்க் கண்ணுக்கு இந்த வாசிப்பு புதிதல்ல. கருவறை இருட்டில் முகம் தெரியாவிட்டாலும், மேற்கரங்களில் சங்கும் சக்கரமும் தெரிந்தால் திருமால். மானும் மழுவும் தெரிந்தால் சிவன். வேல் தெரிந்தால் முருகன். 1789க்கும் 1799க்கும் இடையே பிரான்சில் அச்சான தேசபக்திப் படங்களையும் இப்படிக் கைகளிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு நாடு தன்னை என்னவாக நினைத்தது, யாரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, யாரைச் சேர்க்கவில்லை என்ற மூன்றுக்கும் அந்தக் கைகளில் தடயம் இருக்கிறது.

ஈட்டியின் முனையில் இருந்த தொப்பிக்கு நீண்ட வரலாறு உண்டு. ரோமில் ஓர் அடிமைக்கு விடுதலை கிடைக்கும்போது, அவன் தலையை மழித்து ஒரு கம்பளித் தொப்பி அணிவிப்பார்கள். அதன் பெயர் பிலியஸ். ஜூலியஸ் சீசரைக் கொன்றபின் புரூட்டஸ் வெளியிட்ட நாணயத்தில் இரண்டு குத்துவாள்களுக்கு நடுவே இருப்பது அதே தொப்பி. கொடுங்கோலன் செத்தான், ரோம் விடுதலை பெற்ற அடிமை என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வரும்போது இந்தக் கூம்புத் தொப்பி, முன்பக்கம் மடிந்து விழும் ஃப்ரிஜியத் தொப்பியோடு கலந்துவிட்டது. உண்மையில் இரண்டும் வேறு. ஃப்ரிஜியத் தொப்பி பழங்காலக் கலையில் ஆசியாவிலிருந்து வந்த அந்நியனைக் குறித்தது. அந்நியனின் தொப்பியைத் தேசத்தின் தொப்பியாகப் பிரான்ஸ் சூடிக்கொண்டது. இந்தக் குழப்பம் எனக்கு மிகப் பிடித்தமான குழப்பம்.

கோடரி செருகிய கழிக்கட்டு, ரோமானிய அதிகாரிகளுக்கு முன்னால் ஏவலர் சுமந்து சென்ற தண்டனை அதிகாரத்தின் அடையாளம். புரட்சிக்காரர்கள் அதற்கு வேறு பொருள் சொன்னார்கள்: தனிக்கழி முறியும், கட்டிய கழிகள் முறியா. குடியரசு ஒன்றே, பிரிக்க முடியாதது. சுக்கான், அரசு என்னும் கப்பலைச் செலுத்துவது.

இந்தப் பொருள்களை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. செசாரே ரிப்பா என்ற இத்தாலியர் 1593இல் ரோமில் வெளியிட்ட 'இக்கொனொலோஜியா' என்ற நூல், கருத்துகளை மனித வடிவில் எப்படிக் காட்டுவது என்று அகரவரிசையில் சொல்லும் கையேடு. 1603இல் படங்களோடு வந்த பதிப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஓவியப் பட்டறைகளில் அது இருநூறு ஆண்டு புழங்கியது. ரிப்பா சொன்ன சுதந்திரம், வெண்ணிற ஆடை அணிந்த பெண். வலக்கையில் செங்கோல், இடக்கையில் தொப்பி, காலடியில் ஒரு பூனை. அடைத்து வைத்தால் பொறுக்காத விலங்கு பூனை என்பதால் அது அங்கே வந்தது. 1792இன் முத்திரையில் பூனையைக் காணோம். செங்கோலும் போய்விட்டது, மன்னர்களின் கைப்பொருளைக் குடியரசின் கையில் கொடுக்க முடியாது. செங்கோல் இருந்த கைக்கு ஈட்டி வந்தது. ஈட்டி, 1792இல் பாரிஸ் வீதிகளில் சாதாரண மக்கள் ஏந்திய ஆயுதம். துப்பாக்கி வாங்க வசதியில்லாதவனும் கொல்லனிடம் அடித்து வாங்கிக்கொள்ளக்கூடியது. ரோமானியச் சொற்களஞ்சியத்தில் தெருவின் ஒரு சொல் இப்படித்தான் நுழைந்தது.

நவசெவ்வியல் என்று கலை வரலாறு பெயர் வைத்திருக்கும் இந்தப் பாணியே பெருமளவு அச்சுப்படங்களால் உண்டானது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வெசுவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியத்தைத் தோண்டியெடுத்த நேப்பிள்ஸ் அரசு, அங்கே கிடைத்த ஓவியங்களையும் சிலைகளையும் 1757 முதல் பெரிய செதுக்குப்பட நூல்களாக வெளியிட்டது. ஏதென்சின் கட்டடங்களை அளந்து வரைந்த ஸ்டூவர்ட், ரெவெட் இருவரின் நூல் 1762இல் லண்டனில் வந்தது. ரோம் நகரின் இடிபாடுகளைப் பிரனேசி செப்புத்தகடுகளில் கொண்டுவந்தார். பாரிசில் இருந்த ஓவியருக்கும் சிற்பிக்கும் பழங்காலம் கண்ணில் பட்டது காகிதத்தின் மேல், கறுப்பு மையில், கோடாகத்தான். பளிங்கின் எடையும் வெயிலில் அது மினுங்குவதும் அங்கே இல்லை; தெளிவான வரைகோடு மட்டும் இருந்தது. அந்தக் கோட்டைத் திருப்பி இன்னொரு தகட்டில் வரைவது எளிது. புரட்சியின் தேவதைகள் அத்தனை விரைவாகப் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாரிசின் படத்தொழில் புரட்சிக்கு முன்பிருந்தே செய்ன் நதியின் இடக்கரையில், செயின்ட் ஜாக் தெருவில் குடியிருந்தது. தெருவின் இருபுறமும் படக்கடைகள். புனிதர் படம், அரசகுடும்பத்துப் படம், காதல் காட்சி என்று எல்லாம் விற்ற கடைகள் 1789க்குப் பிறகு சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் விற்றன. அவற்றில் ஒன்றான பாசே கடையின் படங்கள் கரடுமுரடானவை, மலிவானவை, கையால் அவசரமாக வண்ணம் பூசியவை. 'குடியரசின் ஒருமை, பிரிக்கமுடியாமை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் அல்லது மரணம்' என்ற வாசகத்தை அலங்காரங்களுக்கு நடுவே பொறித்துச் சுவரில் ஒட்டுவதற்காக அச்சிட்ட தாள் அந்தக் கடையின் சரக்கு. அதில் வரும் மூன்று சொற்களைத்தான் நூறாண்டு கடந்தபின் பாரதி தம் 'இந்தியா' இதழின் முகப்பில் ஏற்றினார்.

விலை கூடிய படங்களுக்கு வேறு முறை இருந்தது. கூரிய சிற்றுளியால் செப்புத்தகட்டில் கோடு கோடாகக் கீறும் பழைய முறை, மாதக்கணக்கில் நேரம் கேட்பது. அரசியல் அதுவரை காத்திருக்காது. புள்ளிச் செதுக்கு என்ற முறை விரைவானது. மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் ஆயிரமாயிரம் புள்ளிகள் குத்தி, அமிலத்தில் ஊற வைத்து, பிறகு சிற்றுளியால் திருத்துவார்கள். நெருங்கிய புள்ளி நிழலாகும், விலகிய புள்ளி ஒளியாகும். தோலின் மென்மை இந்த முறையில் வருவதுபோல் கோட்டில் வராது. வெவ்வேறு துணிச்சுருளால் வெவ்வேறு நிற மையை ஒரே தகட்டில் ஒற்றி, ஒரே அழுத்தத்தில் வண்ணப்படம் எடுக்கவும் முடியும். ஆனால் புள்ளிகளின் ஆழம் குறைவு. தகடு சீக்கிரம் தேயும். முதலில் எடுத்த படிகளில் ஒளிரும் தேவதை, கடைசிப் படிகளில் மங்கிப்போவாள்.

செப்புத்தகட்டிலிருந்து காகிதத்துக்கு வரும்போது படம் இடம் வலம் மாறும். மூலத்தில் வலக்கையில் இருக்கும் ஈட்டி, செதுக்குநர் மறந்தால், படத்தில் இடக்கைக்குப் போய்விடும். பாதி ஊருக்கு அவள் வலக்கைக்காரி, மீதி ஊருக்கு இடக்கைக்காரி. யாரும் பொருட்படுத்தவில்லை, பொருள் கையில் இருந்தால் போதும் என்றிருந்தது. 1793 ஜூலை 19ஆம் நாள் சட்டம் ஒன்று ஓவியர், செதுக்குநர், எழுத்தாளர், இசையமைப்பாளர் ஆகியோருக்குத் தம் படைப்பின்மேல் வாழ்நாள் முழுதும், இறந்தபின் வாரிசுகளுக்குப் பத்தாண்டும் உரிமை கொடுத்தது. இரண்டு படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்று ஒப்படைக்கப்பட்ட படங்களும், பின்னாளில் மிஷேல் எனாங், கார்ல் த வாங்க் என்ற சேகரிப்பாளர்கள் அதே நூலகத்துக்கு அளித்த பெருந்தொகுப்புகளும் இல்லையென்றால் இந்தக் கட்டுரைக்கே இடமிருக்காது. தெருவில் ஒட்டிய காகிதம் மழையில் கரைந்துவிடும் இயல்புடையது.

1789இன் மனித உரிமைப் பிரகடனத்தை லு பார்பியே தீட்டிய படம், செதுக்குப்படமாகவும் பரவியது. மோசேயின் கற்பலகைகளை நினைவூட்டும் இரண்டு பலகைகளில் பிரகடனத்தின் விதிகள். மேலே இடப்புறம் ஒரு பெண் அமர்ந்து, கையில் அறுந்த சங்கிலியை ஏந்தியிருக்கிறாள். அவள் பிரான்ஸ். அவள் தலையில் கிரீடம். போர்வையில் லில்லிப் பூக்கள், அதாவது மன்னர் குடும்பத்தின் சின்னம். வலப்புறம் சிறகுள்ள பெண் ஒருத்தி, முக்கோணத்துக்குள் ஒளிரும் அறிவின் கண்ணைச் சுட்டுகிறாள். நடுவே கழிக்கட்டின்மேல் ஈட்டியும் தொப்பியும் நிற்கின்றன. ஆனால் இன்னும் எவர் கையிலும் இல்லை. சங்கிலி அறுந்தது, கிரீடம் இறங்கவில்லை. அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட மன்னர் என்ற 1789இன் நம்பிக்கை முழுவதும் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாக.

அதன் பக்கத்தில் இன்னொரு படத்தை வைத்துப் பார்க்கலாம். செவ்ர் பீங்கான் தொழிற்சாலையின் சிற்பி லூயி-சிமோன் பொவாஸோ வரைந்து, தார்சிஸ் புள்ளிச் செதுக்கில் வண்ணத்தில் ஆக்கியது. தலைப்பு, 'பிரெஞ்சு மக்கள் அனைவருக்கும் தன் மார்பைத் திறக்கும் குடியரசுப் பிரான்ஸ்'. இளம்பெண் ஒருத்தியின் மார்பளவு உருவம். கிரீடம் போய்த் தொப்பி வந்துவிட்டது. தொப்பியின்மேல் ஒரு சேவல். லத்தீனில், பிரான்சின் பழம்பெயரான கால் (Gaul) நாட்டவனுக்கும் சேவலுக்கும் ஒரே சொல் என்பதால் சேவல் பிரான்சைக் குறிக்கும். திறந்த மார்புகளுக்கு நடுவே பதக்கம்போல் தொங்குவது தச்சரும் கொத்தரும் பயன்படுத்தும், தூக்குக்குண்டு கட்டிய முக்கோண மட்டப்பலகை. சமத்துவத்தின் அடையாளம் அது: சுவரில் மேடு பள்ளம் இருந்தால் காட்டிவிடும் கருவி. குடியரசு தாய், எல்லோருக்கும் பால் சமம். மார்பளவு உருவம் என்பதால் கைகள் படத்துக்குள் வரவில்லை, ஆகவே பொருள்கள் உடம்பின்மேலேயே ஏறிவிட்டன. லில்லிப் பூ அணிந்த பிரான்சும் இந்தப் பெண்ணும் முகத்தால் அக்கா தங்கை. இடையில் ஓர் அரசே விழுந்திருக்கிறது.

ஆண்டு 1793. பொவாஸோவின் படம் போன்றவற்றை நான் பார்க்கும் முறையையே மாற்றியவை அந்த ஆண்டின் பன்னிரண்டு நாட்கள். அவற்றை நாள்வாரியாகச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதத்தில் பொலின் லியோன், கிளேர் லகோம் இருவரும் முன்னின்று 'புரட்சிகரக் குடியரசுப் பெண்கள் சங்கம்' தொடங்கியிருந்தார்கள். விலைவாசியைக் கட்டுப்படுத்து, பதுக்கலை ஒடுக்கு, பெண்களுக்கும் ஆயுதம் ஏந்தும் உரிமை கொடு என்றது சங்கம். உறுப்பினர் சிலர் சிவப்புத் தொப்பி அணிந்தார்கள். படத்திலிருந்த பெண் அணிந்த அதே தொப்பி. அக்டோபர் கடைசியில் சந்தைப் பெண்களுக்கும் சங்கத்தாருக்கும் அந்தத் தொப்பியின் பேரிலேயே அடிதடி வந்தது. எங்களையும் அணியச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்பது சந்தைப் பெண்களின் புகார். சந்தைப் பெண்களுக்கு விலைக்கட்டுப்பாடு பிழைப்பில் விழுந்த அடி. அவர்கள் கோபத்துக்கும் நியாயம் இருந்தது. ஆனால் கன்வென்ஷன் அந்தச் சண்டையைச் சாக்காக எடுத்துக்கொண்டது. அக்டோபர் 30 அன்று, பெண்களின் சங்கங்கள் அனைத்தும் எந்தப் பெயரில் இருந்தாலும் தடை செய்யப்பட்டன. நவம்பர் 3 அன்று, பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் த கூஜ் கில்லட்டினில் கொல்லப்பட்டார். நவம்பர் 7 அன்று ஓவியர் தாவித் கன்வென்ஷனில் எழுந்து, பிரெஞ்சு மக்களுக்கு ஒரு பேருருவச் சிலை வேண்டும் என்றார். அவர் மனத்தில் இருந்தது ஆண். நவம்பர் 10 அன்று நோத்ர தாம் தேவாலயத்துக்குள் அறிவின் திருவிழா நடந்தது. அதில் சுதந்திர தேவதையாக ஒரு நடிகை அமர்ந்தாள். ஒரு வாரம் கழித்து, சிவப்புத் தொப்பி அணிந்த பெண்கள் பாரிஸ் நகராட்சி மன்றத்துக்கு வந்தபோது, நகராட்சி வழக்குரைஞர் ஷொமெத் அவர்களைக் கடிந்து, வீட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னார்.

தொப்பி காகிதத்திலிருந்த பெண்ணின் தலையில் இருக்கலாம், மேடையிலிருந்த நடிகையின் தலையில் இருக்கலாம். தெருவில் நடந்த பெண்ணின் தலையில் கூடாது.

இதற்கு வரலாற்றாசிரியர்கள் தந்த விளக்கங்கள் பல. பிரெஞ்சு மொழியில் குடியரசு, சுதந்திரம், சமத்துவம், பிரான்ஸ் ஆகிய சொற்கள் எல்லாம் பெண்பால், ஆகவே உருவமும் பெண் என்பது பழைய விளக்கம். சரிதான், ஆனால் போதாது. மொரிஸ் அகுலோன் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பெண்களைப் பிரித்துக் காட்டினார்: எழுந்து நின்று, மார்பு திறந்து, ஆயுதம் ஏந்திய போராளி, அமர்ந்து, முழுக்க உடுத்தி, அமைதியாக இருக்கும் மாதரசி. எந்த அரசு எவளைத் தேர்ந்தது என்பதைக் கொண்டு அதன் குணத்தை அளக்கலாம் என்பது அவர் வழி. ஜோன் லாண்டெஸ் வேறு பக்கம் நின்று கேட்டார்: இந்தப் படங்களை வாங்கிச் சுவரில் மாட்டிய ஆண்களுக்கு, தேசத்தை அழகிய பெண்ணாகப் பார்ப்பது என்ன செய்தது? அவள்மேல் கொள்ளும் ஆசையே தேசப்பற்றாகியிருக்குமா? பொவாஸோவின் படத்தை ஒருமுறை பார்த்தவருக்கு இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

என் கருத்து இன்னும் எளிமையானது. தேசத்தின் உருவமாக ஒரு பெண் பொருந்தினாள், ஏனென்றால் பார்ப்பவர் யாரும் அவளை உண்மையான பெண்ணோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளமாட்டார்கள். ஆண் உருவம் வரைந்தால் அது மன்னரா, புரட்சித் தலைவர்களான ரொபெஸ்பியரா, மாராவா என்று கேள்வி வரும். அன்றைய பிரான்சில் பெண்ணுக்கு வாக்கில்லை, பதவியில்லை, ஆகவே அவள் எவரையும் நினைவூட்டவில்லை. அவள் முகம் வெறுமையாக இருந்ததற்குக் காரணம் கிரேக்கச் சிலைகள் மட்டுமல்ல. அரசியலில் பெண்ணுக்கு இடம் வெறுமையாக இருந்தது.

தாவித் சொன்ன பேருருவத்துக்கு வருவோம். கன்வென்ஷன் அதைக் குடியரசின் முத்திரையாக்கவும் முடிவெடுத்தது. புராண வீரன் ஹெர்குலிஸ், கையில் கதாயுதம். நெற்றியில் 'ஒளி', மார்பில் 'இயற்கை', 'உண்மை', புயத்தில் 'வலிமை', கையில் 'உழைப்பு' என்று எழுத வேண்டும். ஒரு கையில் அவர் இரண்டு சிறு உருவங்களை ஏந்தியிருப்பார்: சுதந்திரம், சமத்துவம். ஓராண்டுக்கு முன் ஈட்டி ஏந்தி நின்றவள், இப்போது ஓர் ஆணின் உள்ளங்கையில் பொம்மையாகச் சுருங்கிவிட்டாள். ஏந்துபவள் ஏந்தப்படுபவளானாள். நாணயமும் பதக்கமும் செதுக்கிய அகுஸ்தேன் துப்ரே இதற்கான முத்திரை வடிவத்தை வரைந்தார். முன்பு அமெரிக்க விடுதலைக்காக ஃபிராங்க்ளின் கேட்டுக்கொண்டபடி, கூந்தல் காற்றில் பறக்கும் சுதந்திர மங்கையின் பதக்கத்தைச் செய்தவரும் இதே துப்ரேதான்.

லின் ஹன்ட் 1984இல் எழுதிய நூலில், ஹெர்குலிஸ் வந்ததே பெண்களின் அரசியல் பங்கேற்பை அடக்கியதோடு இணைந்தது என்றார். தேதிகள் அவர் பக்கம் இருக்கின்றன. அதே காலத்தில் 'ரெவொலுசியோன் த பாரி' இதழில் வந்த ஒரு படத்தில், தொப்பி அணிந்த அரக்க உருவ மனிதன் ஒருவன் எலியளவு மன்னனைக் கையில் பிடித்து நெருப்பில் வாட்டுகிறான். அங்கே நவசெவ்வியலின் அமைதி முழுவதும் போய்விட்டது. ஆனால் படக்கடைகளில் ஹெர்குலிஸ் அந்தப் பெண்ணைப்போல் ஊன்றவில்லை. ஹெர்குலிஸ் பிரான்சுக்குப் புதியவரும் அல்ல; நாலாம் ஹென்றி மன்னரைப் புகழ்ந்த படங்களில் அவர் ஏற்கெனவே வந்து போனவர். பழைய அரண்மனை வாடை அவரிடம் இருந்தது. 1794 ஜூலையில் ரொபெஸ்பியர் வீழ்ந்தபின் அவரும் ஓரம் போனார். 1795இல் துப்ரே செதுக்கிய ஐந்து பிராங்க் நாணயத்தில் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் இருபுறம் இணைத்து நிற்கும் வடிவில் மிஞ்சினார்.

இந்தக் காலத்தின் மிக அழகிய படங்கள் ப்ருதோன் வரைய, கொப்பியா செதுக்கியவை. இவர்களின் 'சுதந்திரம்' என்ற படத்தில், கொடுங்கோன்மை என்னும் பல தலைப் பாம்பு வீழ்ந்துகிடக்கிறது, அடிமைத்தளையின் நுகத்தடி முறிந்துகிடக்கிறது. புள்ளிகளால் ஆன உடல், பனிமூட்டத்திலிருந்து வெளிவருவதுபோல் இருளிலிருந்து ஒளிக்கு வருகிறது. தாவித் வரைந்த கொலையுண்ட மாராவின் முகத்தைச் செதுக்கியவரும் கொப்பியாதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது மனம் கலங்குகிறது. மாராவின் முகத்தில் களைப்பும் வலியும் நோயும் எல்லாம் இருக்கின்றன. அவன் ஓர் ஆள். சுதந்திரத்தின் முகத்தில் ஒன்றும் இல்லை. அதே கைதான் இரண்டையும் செய்தது.

ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் அதே கைப்பொருள்கள் வேறொரு நாட்டுக்கு வேலை செய்தன. 1792 நவம்பரில் லண்டனில் ஜான் ரீவ்ஸ் என்பவர், குடியரசுவாதிகளிடமிருந்து சுதந்திரத்தையும் சொத்தையும் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் பரப்பிய படம் ரோலண்ட்சன் செதுக்கிய 'வேறுபாடு'. பழங்காலப் பதக்கங்கள்போல் இரண்டு வட்டங்கள். இடப்புறம் 'பிரிட்டிஷ் சுதந்திரம்': பிரிட்டானியா மரத்தடியில் அமர்ந்திருக்கிறாள், கையில் மாக்னா கார்ட்டா, தராசு, தொப்பி மாட்டிய ஈட்டி, காலடியில் சிங்கம், தொலைவில் கப்பல். வலப்புறம் 'பிரெஞ்சுச் சுதந்திரம்': பாம்புக்கூந்தல் மெடூசா ஓடிவருகிறாள், சூலத்தில் ஒரு தலை, காலடியில் தலையில்லாத உடல், பின்னால் விளக்குக் கம்பத்தில் தொங்கும் ஒருவன். எது சிறந்தது என்று கீழே கேள்வி. தொப்பியும் ஈட்டியும் பாரிசின் தனிச்சொத்தல்ல என்று உரிமை கோருகிறது இந்தப் படம். பிரான்சைத் தாக்குவதற்கும் இங்கிலாந்துக்கு அந்தச் சுதந்திரப் பெண்ணையே பயன்படுத்த வேண்டியிருந்தது. ஐந்தாண்டு கழித்து, 1797இன் செப்புப் பென்னி நாணயத்தில் பிரிட்டானியாவின் கையிலிருந்த ஈட்டி போய்க் கடலரசன் நெப்டியூனின் சூலம் வந்தது. நாடு தன்னைக் கடலின் எஜமானியாக எண்ணத் தொடங்கியதைக் கை உடனே சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் எட்வர்ட் சாவேஜ் 1796இல் ஃபிலடெல்ஃபியாவில் வெளியிட்ட புள்ளிச் செதுக்குப் படத்தில், சுதந்திரம் இளமைத் தேவதை ஹீபியின் வடிவெடுத்து, வெண்டலைக் கழுகுக்குக் கிண்ணத்தில் பானம் கொடுக்கிறாள். கையில் ஆயுதம் ஏதும் இல்லை. காலடியில் பாஸ்டீல் சிறையின் சாவி; 1790இல் லஃபாயெத் வாஷிங்டனுக்கு உண்மையாகவே அனுப்பிய சாவியை அன்றைய அமெரிக்கர் அறிந்திருந்தனர். அந்தப் படத்தைச் சீனத்துக் கைவினைஞர்கள் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி அமெரிக்கச் சந்தைக்கே ஏற்றுமதி செய்தார்கள்.

பிரான்சில் அவள் வீட்டுக்குள்ளும் சட்டைப்பைக்குள்ளும் போய்ச் சேர்ந்தாள். தெபுக்கூர் வண்ணத்தில் வெளியிட்ட குடியரசு நாட்காட்டியில், தொப்பியணிந்த தத்துவம் என்னும் பெண் இயற்கையின் பெரிய நூலைப் பார்த்துப் புதிய காலக்கணக்கை எழுதுகிறாள். பழைய மூடநம்பிக்கைகளின் நினைவுகள் காலடியில் கிடக்கின்றன. நாட்காட்டிப் படம் ஒரு வீட்டின் சுவரில் ஆண்டு முழுதும் என்ன செய்யும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அஸின்யா என்ற காகிதப் பணத்தில் அவள் பல வடிவில் வந்தாள். பணம் பெருகப் பெருக மதிப்பு சரிந்தது. 1796 பிப்ரவரி 19 அன்று பாரிசின் வாந்தோம் சதுக்கத்தில், மக்கள் பார்க்க, அந்தப் பணத்தின் அச்சுத்தகடுகளையும் பொறிகளையும் அரசே அழித்தது.

தெற்கே புய்லொரான்ஸ் என்ற ஊரின் கியோம் லவாப்ர் 1792 இலையுதிர்காலத்தில் ஆக்சிதான் மொழியில் இயற்றிய ஒரு பாட்டு, அவளுக்கு மரியான் என்று பெயர் வைத்தது. மரியும் ஆனும் சேர்ந்த, ஊரெல்லாம் புழங்கிய சாதாரணப் பெண்பெயர். முத்திரை வந்த சில வாரங்களிலேயே தேவதைக்குப் பக்கத்து வீட்டுப் பெயர் வந்துவிட்டது. ஆனால் பாரிசின் செதுக்குநர்கள் யாரும் அந்தப் பெயருக்கேற்ற முகத்தைத் தேடவில்லை.

முகம் உள்ள படங்கள் இல்லாமல் இல்லை. 1794 பிப்ரவரி 4 அன்று கன்வென்ஷன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தபோது, பொவாஸோ வரைய, தார்சிஸ் செதுக்கிய இரு சிறுபடங்கள் வெளிவந்தன. ஃப்ரிஜியத் தொப்பியணிந்த கறுப்பின ஆண் ஒருவர், பெண் ஒருவர். தலைப்பு, 'நானும் சுதந்திரம்'. குடியரசுப் பிரான்சை ஆக்கிய அதே இருவர்தான். ஆனால் இந்தப் பெண் தேவதை அல்ல. தொப்பி அவள் தலையில் உருவகமாக அமரவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமில் எதற்காக அணியப்பட்டதோ அதே காரணத்துக்காக, விடுதலை பெற்ற அடிமையின் தலையில் அமர்ந்திருக்கிறது. இந்தப் பத்தாண்டின் எண்ணற்ற தொப்பிகளுக்கு நடுவே தன் சொந்தப் பொருளுக்குத் திரும்பிய தொப்பி இது. எட்டாண்டு கழித்து, 1802 மே மாதத்தில், பொனபார்ட்டின் அரசு அடிமை முறையை மீட்டது. கரீபியத் தீவான குவாதலூப்பில் அதை எதிர்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1804இல் பொனபார்ட் பேரரசரானார். முத்திரையில் கழுகு வந்தது.

அடிமை முறை இரண்டாவது முறையாக, நிரந்தரமாக ஒழிந்தது 1848 ஏப்ரல் 27 அன்று. அதே ஆண்டு புதிய குடியரசுக்கு ஷாக்-ஷான் பார் என்ற செதுக்குநர் ஒரு முத்திரை செய்தார். தலையைச் சுற்றிக் கதிர்கள் வீசும் பெண், இம்முறை அமர்ந்திருக்கிறாள். வலக்கையில் கழிக்கட்டு. இடக்கை சுக்கானின்மேல், சுக்கானில் சேவல். ஈட்டி இல்லை, தொப்பியும் இல்லை. பக்கத்தில் வாக்குச்சீட்டு போடும் குடம் ஒன்று. அதில் எல்லோருக்கும் வாக்குரிமை என்பதன் முதலெழுத்துகள். எல்லோருக்கும் என்றால் அன்று ஆண்களுக்கு. அந்த முத்திரைதான் இன்றும் பிரெஞ்சுக் குடியரசின் முத்திரை. காகிதப் பணத்தின் தகடுகள் அழிந்த அதே வாந்தோம் சதுக்கத்தில், நீதி அமைச்சகத்தில் அது காக்கப்படுகிறது. அந்தக் குடத்தைத் தன்னருகே வைத்துக்கொண்டு அவள் அமர்ந்து 97 ஆண்டு ஆனபின், 1945 ஏப்ரல் 29 அன்று, பிரான்சின் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள்.